மகன் வாத்தியார் வேலையை விட்டு நடிக்கப் போகிறாராம்

கேள்வி: தங்கச்சி, நான் லண்டனுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்றுதான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். மகனுக்கு 25 வயது. குரொய்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார், இது இரண்டாவது வருடம். இப்போது வேலையை விட்டு நாடகப் பள்ளிக்குப் போகப் போகிறேன் என்கிறார். சரி, கதாநாயகனாக வருவாரா என்று கேட்டால், இல்லையாம், கரெக்டர் அக்டராம். துணை நடிகர் என்றுதானே அர்த்தம்? ஆள் பெரிய வடிவு என்றும் சொல்ல முடியாது, தகப்பன் நானே சொல்கிறேன். பெயரையும் சுருக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்களாம். நீங்கள் நடிகர்களுக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்று அறிந்தேன். உண்மையைச் சொல்லுங்கள், இதில் சீவிக்க ஏலுமா? சொந்தக்காரருக்கு நான் என்ன சொல்லுவது?

பதில்:

அண்ணா, வணக்கம்.

தம்பிக்கு நடிப்பு வருமா வராதா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பார்ப்பது சப்பாத்துப் பெட்டிகளை. ஒவ்வொரு ஜனவரியும் நடிகர்கள் என் மேசைக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய ரசீதுகளோடு வருவார்கள். 31ஆம் தேதிக்குள் வரிப் படிவம் போக வேண்டும். அந்தப் பெட்டியைக் கொட்டினால் ஒரு மனிதரின் வருடம் மேசையில் கிடக்கும். மான்செஸ்டருக்குப் போய் வந்த ரயில் டிக்கெட், ஒரு நாள் படப்பிடிப்புக்கான சம்பளத் துண்டு, நடுவில் நாலு மாதம் ஒன்றுமே இல்லை, பிறகு ஏதோ பழைய தொடரை மறுபடி ஒளிபரப்பியதற்கு வந்த பதினேழு பவுண். இப்படித்தான் இருக்கும். அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

என்னிடம் வருகிறவர்களின் கணக்கை உங்களிடம் அவிழ்க்க முடியாது. அதனால் உலகத்துக்கே தெரிந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவரும் உங்கள் மகனைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான்.

அதற்கு முன் ஒரு சொல்லைச் சரி பண்ணிவிடுவோம். கரெக்டர் அக்டர் துணை நடிகர் இல்லை. கூட்டத்தில் நிற்பவர்களைத்தான் துணை நடிகர் என்பார்கள். இங்கே அவர்களுக்கு வேறு சம்பளம், வேறு ஏஜென்சி. உங்கள் மகன் சொல்வது நம் பத்திரிகைகள் குணச்சித்திர நடிகர் என்று எழுதுமே, அது. எஸ்.வி. ரங்காராவை யாராவது துணை நடிகர் என்பார்களா? இங்கே ஸ்பொட்லைட் என்று நடிகர்களின் பெயரடைவு ஒன்று இருக்கிறது, 1927இல் தொடங்கியது. இப்போது இணையத்தில் இருக்கிறது. தடித்த புத்தகங்களாக வந்த காலத்தில் நாயக வேடக்காரருக்கு ஒரு பகுதி, குணச்சித்திர வேடக்காரருக்கு ஒரு பகுதி என்று பிரித்தே போட்டிருந்தார்கள். அது தொழிலின் ஒரு பிரிவு. தோற்றுப்போனவர்களை ஒதுக்கி வைத்த இடம் இல்லை.

சரி, ஆளுக்கு வருவோம். இன்செப்ஷன் படம் பார்த்தீர்களா? அதில் கட்டிலில் கிடந்து சாகும் கிழட்டுக் கோடீசுவரர் ஞாபகம் இருக்கிறதா? ஜுராசிக் பார்க் இரண்டாம் பாகத்தில் துவக்கோடு டைனோசர் வேட்டைக்கு வரும் மொட்டைத் தலைக்காரர்? இரண்டும் ஒரே ஆள்தான். பீட் போசல்த்வெயிட். கன்னத்து எலும்பு தனியே துருத்திக்கொண்டு நிற்கும். வடிவு என்று அவருடைய தகப்பனும் சொல்லியிருக்க மாட்டார்.

1946இல் வாரிங்டனில் ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். முதலில் பாதிரியாராகப் போகும் யோசனை. அது சரிவராமல் ஆசிரியப் பயிற்சி எடுத்து, மான்செஸ்டரில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படிப்பித்தார். பிறகு இருபதுகளின் நடுவில் அதை விட்டுவிட்டு பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளிக்குப் போனார். பாதிரியார், வாத்தியார், நடிகர். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாக விளங்கும்.

அங்கிருந்து லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கு. எழுபதுகளில் அங்கே மேடையேறியவர்களின் பெயரை இப்போது வாசித்தால் தலை சுற்றும்: ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனதன் பிரைஸ், அன்டனி ஷெர். அன்றைக்கு ஒருவரும் பெரிய பெயர் இல்லை. ஊர் நாடக அரங்குகள் தங்களுக்கென்று ஒரு நடிகர் கூட்டத்தை வைத்துக்கொண்டு, நாடகத்துக்கு மேல் நாடகமாகப் போட்ட காலம் அது. இந்த மாதம் கிழவன், அடுத்த மாதம் பொலிஸ்காரன். கூலி குறைவு, ஆனால் வேலை நிற்காது. குணச்சித்திர நடிப்பை இந்த நாட்டில் ஆட்கள் பழகியது பெரும்பாலும் அப்படித்தான்.

இனித்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. 1977இல் ரிட்லி ஸ்கொட்டின் முதல் படத்தில் ஒரு சின்னத் தலைகாட்டல். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் தொலைக்காட்சித் தொடர்களில் அங்கே ஒரு வேடம், இங்கே ஒரு வேடம். 1981இல் பிபிசி நாடகமொன்றில் முக்கிய பாத்திரம், பிறகு மறுபடி சின்ன வேடங்கள், நடுவில் ரோயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் மேடை. 1988இல்தான் டெரன்ஸ் டேவிஸ் எடுத்த டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ் படத்தில் வீட்டையே நடுங்க வைக்கும் லிவர்பூல் தகப்பனாக வந்தார். சினிமாக்காரர் அவரை நின்று திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகு. அப்போது வயது 42. நாடகப் பள்ளிக்குள் கால் வைத்து ஏறக்குறைய பதினெட்டு வருடம்.

பதினெட்டு சப்பாத்துப் பெட்டி, அண்ணா.

அந்தப் பதினெட்டு வருடத்தைத் தோல்வி என்று எழுதுவீர்களா? நான் அப்படி எழுத மாட்டேன். அவர் அந்த வருடங்களில் வேலை செய்துகொண்டே இருந்தார், நமக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். தம்பியோடு கதைக்கும்போது "எப்போது பெரிய ஆளாக வருவாய்?" என்று கேட்காதீர்கள். "பதினெட்டு வருடம் பெயர் தெரியாமல் வேலை செய்யச் சம்மதமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். திரும்பாவிட்டால் நீங்கள் மறிக்கவும் ஏலாது.

1993இல் வந்தது இன் த நேம் ஆஃப் த ஃபாதர். செய்யாத குண்டுவெடிப்புக்காக மகனோடு சேர்த்துச் சிறையில் தள்ளப்படும் ஐரிஷ் தகப்பன், ஜுசெப்பே கொன்லன். மகனாக நடித்தவர் டேனியல் டே லூயிஸ். இருவருக்கும் வயது வித்தியாசம் வெறும் பதினொரு வருடம்! படம் பார்க்கும்போது அது ஒருவருக்கும் தோன்றாது. கதாநாயகனுக்கு முகம்தான் முதலீடு, வயது போகப் போக அந்த முதலீடு கரையும். குணச்சித்திர நடிகருக்கு அது மறுவளம். நாற்பதுக்குப் பிறகுதான் தகப்பன், நீதிபதி, பாதிரியார், கொலைகாரன் எல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள். வடிவில்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்களே, இந்தத் தொழிலில் நான் அதைக் கடன் பக்கத்தில் எழுத மாட்டேன்.

அந்த வேடத்துக்கு 1994இல் ஒஸ்கார் பரிந்துரை, துணைப் பாத்திரத்துக்கான பிரிவில். வயது 48. விருது டொமி லீ ஜோன்சுக்குப் போனது. அதே 1994இல் ஆங்கிலத் தொலைக்காட்சியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஷார்ப் என்ற சரித்திரத் தொடரில் ஷான் பீனுக்கு எதிரே ஹேக்ஸ்வில் என்ற படுபாவிச் சார்ஜன்ட். கழுத்து வெட்டி வெட்டி இழுக்க வருவார், பார்க்கவே பிடிக்காது, கண்ணை எடுக்கவும் முடியாது. கூடவே பிபிசியில் ஒரு டிக்கன்ஸ் நாவல் தொடர். ஒஸ்கார் மேடை வரை போன ஒருவர் வீட்டு வரவேற்பறைப் பெட்டிக்குள் வந்து வில்லனாக நிற்பது நம்மவர்களுக்குக் கீழிறக்கமாகத் தெரியும். இங்கே அப்படி இல்லை. மேடை, தொலைக்காட்சி, சினிமா மூன்றுக்கும் நடுவில் இவர்கள் பஸ் மாறுவது போல மாறிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு வந்த மூன்று வருடத்தில் மட்டும் பாருங்கள்: த யூஷுவல் சஸ்பெக்ட்ஸ் படத்தில் கோபயாஷி, ரோமியோ ஜூலியட்டில் பாதிரியார் (முதலில் யோசித்த வேலை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்), ஸ்பீல்பெர்க்கின் இரண்டு படம். நடுவே 1996இல் பிராஸ்ட் ஆஃப். மூடப்போகும் யோர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கம், அந்தத் தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழு, அதை நடத்தும் நுரையீரல் கெட்ட கிழவர் டேனி. ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் நீங்கள் இதைப் பாருங்கள். கடைசியில் ரோயல் அல்பர்ட் ஹாலில் அவர் பேசும் இடம் வந்தபோது, தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்ற என் அப்பா எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டார். தேத்தண்ணி குடிக்கும் நேரமே இல்லை அது.

உலகத்திலேயே சிறந்த நடிகர் இவர்தான் என்று ஸ்பீல்பெர்க் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு இவர், "உலகத்திலேயே சிறந்த நடிகர் தான்தான் என்று பீட் நினைத்துக்கொண்டிருக்கிறான்" என்றுதான் ஸ்பீல்பெர்க் உண்மையில் சொல்லியிருப்பார் என்று பகிடி விட்டார். ஹொலிவூட்டில் வீடு வாங்கவில்லை. ஷ்ரொப்ஷயர் நாட்டுப்புறத்தில் குடும்பத்தோடு இருந்தார். 2008இல் திரும்ப அதே லிவர்பூல் எவ்ரிமேன் மேடைக்குப் போய் லியர் மன்னனாக நின்றார். 2011 ஜனவரி 2ஆம் தேதி புற்றுநோயால் இறந்தபோது வயது 64. முந்தைய ஒரே வருடத்தில் மூன்று பெரிய படங்களில் இருந்தார். அதில் ஒன்றுக்கு, இறந்த பிறகு, பிரித்தானியத் திரை விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரையும் வந்தது.

பெயர் விசயம். போசல்த்வெயிட் என்ற பெயரை ஆங்கிலேயரே தடுக்கி விழுந்துதான் சொல்வார்கள். மாற்றச் சொன்னார்கள், அவர் மாற்றவில்லை. இந்தப் பெயரை விளக்குப் போட்டு எழுதினால் மின்சாரக் கட்டணம் கட்டி மாளாது என்று தன்னைக் கேலி செய்ததை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். தம்பியின் பெயர் எத்தனை எழுத்து என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைச் சுருக்கக் காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். நடிகர் சங்கமான ஈக்விட்டியில் ஏற்கெனவே ஒருவர் அதே பெயரில் இருந்தால் அந்தப் பெயரை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கெஸ் படத்தில் வல்லூறு வளர்த்த பையன் டேவிட் பிராட்லி, பிற்காலத்தில் டாய் பிராட்லி ஆனது அதனால்தான். இன்னொரு டேவிட் பிராட்லி சங்கத்தில் இருந்தார். நீளமான தமிழ்ப் பெயர்க்காரருக்கு இந்தத் தலையிடியே இல்லை.

அந்த இன்னொரு டேவிட் பிராட்லியை உங்கள் மகனுக்குத் தெரியும். ஹரி பொட்டர் படங்களில் பூனையோடு திரியும் காவல்காரர் ஃபில்ச். யோர்க் நகரத்தில் கண்ணாடி வில்லைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகியவர், 24 வயதில்தான் ராடா நாடகப் பள்ளிக்குப் போனார். தொலைக்காட்சிக்கான பாஃப்டா கிடைத்தபோது வயது 72. தம்பி பிந்திவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனால் இவர்கள் இருவரையும் காட்டி உங்களை ஏமாற்றவும் எனக்கு மனம் இல்லை. அந்தக் காலத்தில் நாடகப் பள்ளி மாணவர் பலருக்கு உள்ளூராட்சி சபைகளே உதவித்தொகை கொடுத்தன. இன்றைக்குக் கடன். ஊர் அரங்குகளின் நிரந்தர நடிகர் கூட்டங்கள் அநேகமாகப் போய்விட்டன. புதிய முகங்களுக்கு முதல் வேடம் கொடுத்த தொடர்களும் ஒவ்வொன்றாக மூடிவிட்டன: பொலிஸ் தொடர் த பில் 2010இல், ஹொல்பி சிற்றி 2022இல், டொக்டர்ஸ் 2024இல். பழைய தொடர்களில் கேசுவல்ரி இன்னும் ஓடுகிறது. பிறகு நிறம். நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கொடுத்தது கடைக்காரர், டாக்சிக்காரர், டொக்டர். இப்போது மாறியிருக்கிறது, நான் பெட்டிகளிலேயே பார்க்கிறேன், ஆனாலும் போசல்த்வெயிட்டுக்குத் திறந்த அளவு கதவு தம்பிக்குத் தானாகத் திறக்கும் என்று சொல்ல மாட்டேன். ரொமேஷ் ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர்தானே என்று தம்பி சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அவர் வந்தது நகைச்சுவை மேடை வழி. அது வேறு ரோட்டு.

இதில் சீவிக்க ஏலுமா என்று கேட்டீர்கள். 1,000 பவுணுக்கு ஒரு வேலை என்று வையுங்கள். முகவர் 15 வீதம் எடுத்தால் 150, அவர் வாட் வரிக்குப் பதிந்தவர் என்றால் அந்த 150க்கு வரியாக இன்னொரு 30. கையில் 820. வரிக்கும் தேசியக் காப்புறுதிக்கும் அதிலிருந்து ஒதுக்க வேண்டும். அந்த 820ஐக் கண்டவுடன் செலவழித்தவர்கள்தான் ஜனவரியில் என் முன்னால் இருந்து அழுகிறவர்கள். முகவர் காசு, ஈக்விட்டி சந்தா, ஸ்பொட்லைட் சந்தா, ஒடிஷனுக்குப் போன பயணம் இதெல்லாம் வரிக்கணக்கில் கழியும். சாதாரண உடுப்பு கழியாது. நடிக்கப் பழகும் நாடகப் பள்ளிக் கட்டணமும் கழியாது, ஏனென்றால் அது தொழில் தொடங்கும் முன் எடுக்கும் பயிற்சி. ஈக்விட்டிக்கு ஓய்வூதியத் திட்டமும் உண்டு. சங்க ஒப்பந்தத்தில் வரும் தொலைக்காட்சி வேலைகளில் நடிகர் கட்டினால் தயாரிப்பாளரும் ஒரு பங்கு போடுவார். அது பலருக்குத் தெரியாது.

இனி நடைமுறை. தம்பி இந்த வருடம் நடுவில் வேலையை விடக்கூடாது. புதிய ஆசிரியருக்கான அந்த இரண்டு வருட இன்டக்‌ஷன் முடியட்டும். ஜூலையில் முடியும்தானே, இன்னும் கொஞ்ச நாள். முடித்துவிட்டால் அந்தத் தகுதி அவரை விட்டுப் போகாது. இரண்டு வருடச் சேவை நிறைந்தால் ஆசிரியர் ஓய்வூதியத்தில் சேர்ந்ததும் அவர் பெயரிலேயே கிடக்கும். விஞ்ஞான வாத்தியாருக்கு இந்த ஊரில் எப்போதும் ஆள் தேவை. நாள் கணக்கில் சப்ளை வேலை (வராத ஆசிரியருக்குப் பதிலாகப் படிப்பிப்பது) எடுக்கலாம், ஒடிஷன் வந்தால் அந்த நாளை விடலாம். என்னிடம் வரும் நடிகர்கள் ஹோட்டலில் தட்டு எடுக்கிறார்கள், வேன் ஓட்டுகிறார்கள். உங்கள் மகனிடம் இருக்கும் இந்த வாத்தியார் தகுதிக்கு அவர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள். நீங்கள் இரவில் நின்று படிப்பித்ததுதான் அவருக்கு நடிக்கும் தைரியத்தைக் கொடுக்கப் போகிறது, இதை நினைத்து நீங்கள் அழுவீர்களோ சிரிப்பீர்களோ தெரியாது.

நாடகப் பள்ளியில் மூன்று வருட பிஏ என்றால் யோசியுங்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதால் இரண்டாவதுக்குக் கட்டணக் கடன் பொதுவாகக் கிடைக்காது. ஒரு வருட எம்ஏ நடிப்புப் படிப்புகள் இருக்கின்றன, அதற்கு முதுகலைக் கடன் எடுக்கலாம். 2024இல் அது 12,000 பவுணைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, ஆனால் லண்டன் பள்ளிகளில் கட்டணத்துக்கே அது போதாமல் போகலாம். மாலை நேர, வார இறுதி வகுப்புகளும் உண்டு. முதலில் அதில் ஒரு வருடம் போய்ப் பார்க்கட்டும் என்றுதான் நான் என் மகளுக்குச் சொல்லியிருப்பேன். வீட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு பெயரைப் பதிந்து வேடம் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஒழுங்கான முகவர் வேலை கிடைத்த பிறகுதான் காசு எடுப்பார்.

முதல் ஒடிஷனுக்குப் போகும் ரயில் டிக்கெட்டையும் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழிலை நடத்தத் தேவையான செலவு, தொழில் தொடங்குவதற்கு முந்தைய ஏழு வருடத்துக்குள் செய்ததாக இருந்தால் பிறகு கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. சப்பாத்துப் பெட்டி வீட்டில் இருக்கும்தானே.

கலியாணம் பற்றி நீங்கள் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் பின்னால் அது நிற்பது தெரிகிறது. அது என் மேசைக்கு வராத விசயம். சொந்தக்காரர் கேட்டால், மகன் படிப்பிக்கிறார் என்றே சொல்லுங்கள். கிழமையில் மூன்று நாள் சப்ளைக்குப் போனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.